வெளிநாட்டில் படிக்க வைப்பதா, இங்கேயே சேர்ப்பதா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து பொறியியல் கலந்தாய்வு முடிகிற வரைக்கும் என் போன் சும்மா இருக்காது. எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் கிராமம். கோவைக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் பி.இ., சென்னையில் இரண்டு வருடம் வேலை, அப்புறம் 2017இல் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்ற ஊருக்கு முதுகலை படிக்கப் போனேன். படித்து, அங்கேயே வேலையும் பார்த்துவிட்டு 2024இல் திரும்பி வந்தாயிற்று. சொந்தத்தில் முதலில் போனவள் நான் என்பதால் எல்லோரும் என்னையே கேட்கிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். இனி கேட்பவர்களுக்கு இதைத்தான் அனுப்பப் போகிறேன், பெரியப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சுத்தி வளைக்காமல் சொல்லு கண்ணு, வெளிநாடா உள்ளூரா?

இளங்கலை இங்கே. முதுகலை, தேவைப்பட்டால், அங்கே.

காரணம் தரம் கிரம் எல்லாம் இல்லை. பதினெட்டு வயதில் பிடிக்காத பாடத்தை எடுத்துவிட்டு ஒரு வருடம் கழித்து விழித்துக்கொள்வது சகஜம். இங்கே அப்படி நடந்தால் ஒரு வருடமும் கட்டிய ஃபீஸும் போகும், அக்கம்பக்கத்தில் நாலு பேர் பேசுவார்கள், அவ்வளவுதான். அதே தவறை அங்கே செய்தால் விசாவுக்கே ஆபத்து, கடன் மட்டும் அப்படியே நிற்கும். அதனால் யார் கேட்டாலும் நான் மார்க் கேட்பதற்கு முன் ஒன்று கேட்பேன்: நடுவில் சரிப்படாமல் பிள்ளை திரும்பி வந்துவிட்டால் அந்தக் கடனை யார், எதிலிருந்து கட்டுவீர்கள்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த வீட்டில் பிள்ளை எங்கே வேண்டுமானாலும் போகட்டும். "அதெல்லாம் நடக்காது, நீ அபசகுனமாப் பேசாதே" என்று சொன்னவர்கள் பாதிப் பேருக்கு மேல். அவர்களிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

முழு உதவித்தொகை கிடைத்தாலோ, பெற்றோரே அந்த நாட்டில் இருந்தாலோ, எடுக்கிற பாடம் இங்கே உருப்படியாக இல்லையென்றாலோ இந்தக் கணக்கு மாறும்.

பிளஸ் டூ முடித்ததும் நேராக ஜெர்மனிக்குப் போக முடியாதா?

பெரும்பாலும் முடியாது. நம் 12ஆம் வகுப்பை மட்டும் வைத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக இளங்கலையில் சேர முடியாது. இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஒரு வருடமாவது படித்துத் தேறியிருக்க வேண்டும், அதற்கும் அதே துறைக்குள்தான் இடம்; ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியவர்களுக்கு வேறு வழி. இரண்டும் இல்லையென்றால் ஸ்டூடியன்கொல்லெக் என்று ஒரு வருட ஆயத்தப் படிப்பு. அதற்கு உள்ளே போகவே ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும். இளங்கலை வகுப்புகளும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். "பிளஸ் டூ போதும், ஜெர்மன் தேவையில்லை, செப்டம்பரில் பறக்கலாம்" என்று யாராவது சொன்னால் அது ஏதோ ஒரு தனியார் கல்லூரி, வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோ போல ஃபீஸ் கேட்கும்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்களே?

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, அது நிஜம். ஒவ்வொரு செமஸ்டருக்கும் சில நூறு யூரோ கட்டினால் போதும், பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே சேர்த்தி. ஆனால் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017இலிருந்து நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024இலிருந்து புதிதாகச் சேர்பவர்களிடம் கட்டணம் வாங்குகிறது, முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ.

பெரிய செலவு சாப்பாடும் வாடகையும். விசா கேட்கும்போதே ஒரு வருடச் செலவை பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும், மாதாமாதம் ஒரு பங்குதான் எடுக்க விடுவார்கள். நான் போன 2017இல் 8,640 யூரோ, ஒரு யூரோ 73 ரூபாய் சொச்சம், அதாவது ஆறே கால் லட்சம். இப்போது 11,904 யூரோ. யூரோவும் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது, ஆகவே பன்னிரண்டு லட்சம். அதே படிப்பு, அதே ஊர், ஏழெட்டு வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "நீ பத்து லட்சத்துக்குள்ள முடிச்சியே" என்று சித்தி இன்னும் கேட்கிறாள். 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம், நம் மார்க் ஷீட் எல்லாம் நிஜம்தானா என்று பார்ப்பதற்கு; கட்டணம் 18,000 ரூபாய், வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

அமெரிக்காவுக்கு 40 லட்சம் லோன் கிடைக்கிறதாம், வாங்கலாமா?

கிடைப்பதில் சிரமம் இல்லை. பேப்பர் எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

40 லட்சம், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடப் படிப்பு, மேலே ஒரு வருடம் அவகாசம், ஆக மூன்று வருடம் தவணை கட்டத் தேவையில்லை என்பார்கள். தவணை இல்லாத காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனிவட்டியாகவே போட்டாலும் மூன்று வருடத்துக்கு 13 லட்சத்து 20 ஆயிரம். ஆக 53 லட்சத்து 20 ஆயிரத்தில் தவணை ஆரம்பிக்கிறது. பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 73,000 ரூபாய். முழுத் தொகையும் முதல் நாளே கை மாறாது, செமஸ்டர் வாரியாகத்தான் போகும், அதனால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். டாலரில் சம்பளம் வாங்குகிறவருக்கு 73,000 பெரிய தொகை இல்லை. ஊருக்குத் திரும்பி வந்து சென்னையில் மாதம் ஐம்பதாயிரத்துக்கு வேலை பார்க்கிறவரால் எப்படிக் கட்ட முடியும்?

அங்கேயே இருந்துவிடலாம் என்பதும் நம் கையில் இல்லை. படிப்பு முடிந்ததும் 12 மாதம் வேலை பார்க்கலாம், அறிவியல், பொறியியல் துறை என்றால் இன்னும் 24 மாதம். அதற்குள் எச்1பி என்கிற வேலை விசா கிடைக்க வேண்டும். வருடத்துக்கு 85,000 இடம், விண்ணப்பம் அதைவிடப் பல மடங்கு. போதாததற்கு 2025 செப்டம்பரில் புதிய எச்1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள், யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்று அதன் பிறகு விளக்கம் மேல் விளக்கம். இன்றைய விதியை நம்பி மூன்று வருடம் கழித்துக் கட்டப்போகும் கடனை வாங்குகிறோம் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

காட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா?

நாங்கள் வைத்தோம். அப்பாவின் இரண்டு ஏக்கர் விவசாய நிலம், ஒன்பது லட்சம் லோனுக்கு. பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சம் வரை சொத்து கேட்காமல் தருவார்கள், அதற்கு மேல் போனால் பெரும்பாலும் பத்திரம் வேண்டும். தனியார் நிதி நிறுவனங்கள் சொத்தே கேட்காமல் பெரிய தொகை தருகின்றன, ஆனால் வட்டியில் பிடித்துவிடுவார்கள்.

பத்திரம் கொடுப்பதைவிடக் கொடுத்த பிறகு இருக்கிற மூன்று வருடம்தான் கஷ்டம். அப்பா போனில் ஒரு நாளும் காட்டைப் பற்றிப் பேச மாட்டார், நானும் கேட்க மாட்டேன். கிணற்றில் தண்ணீர் வற்றியதே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். இருக்கிற ஒரே சொத்தை வைக்காதீர்கள், ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் ஒன்றை வையுங்கள்.

வருமான வரியில் கல்விக் கடன் வட்டியைக் கழித்துக்கொள்ளலாம், எட்டு வருடம் வரை, ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

சாதாரணக் கல்லூரியில் படித்தால் வெளிநாட்டில் எடுத்துக்கொள்வார்களா?

என்னை எடுத்துக்கொண்டார்கள். என் கல்லூரிப் பெயரை ஈரோட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஜெர்மனியில் நம் சிஜிபிஏவை, அதாவது பத்துக்கு எடுக்கும் சராசரி மதிப்பெண்ணை, அவர்கள் அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அங்கே 1 என்றால் மிக நல்ல மதிப்பெண், 4 என்றால் தட்டுத்தடுமாறி பாஸ். பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதை மூன்றால் பெருக்கி, பத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். பாஸ் 5 என்று வைத்தால் 8.2 எடுத்தவருக்கு 2.08, 7.5 எடுத்தவருக்கு 2.5, 6.5 எடுத்தவருக்கு 3.1. நிறையப் படிப்புகளில் 2.5தான் எல்லைக்கோடு. அதனால் 7.5க்குக் கீழே இறங்காதே என்று இப்போது பி.இ. சேர்கிற பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லுங்கள். மூன்றாம் வருடத்தில் வந்து என்னிடம் கேட்டால் நான் என்ன செய்ய?

பாடப் பொருத்தமும் பார்ப்பார்கள். சிவில் படித்துவிட்டு டேட்டா சயின்ஸ் கேட்டால் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கதவைச் சாத்திவிடும். இங்கே அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்த ஃபீஸில் நல்ல சிஜிபிஏ எடுப்பது ஒரு லட்சம் கொடுத்துச் சேர்கிற எந்தக் கோச்சிங்கையும்விட உதவும். முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இருக்கிறது. இதையெல்லாம் தாண்டி வெளிநாட்டு இளங்கலைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்.

அரியர் இருந்தால்?

முடித்த அரியரை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள், எண்ணிக்கை இரட்டை இலக்கத்துக்குப் போகாத வரை. அங்கே போய் அரியர் வைப்பதுதான் ஆபத்து, இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

நம் ஊரில் ஒரு பேப்பரை அடுத்த செமஸ்டர், அதற்கடுத்த செமஸ்டர் என்று எழுதிக்கொண்டே இருக்கலாம். ஜெர்மனியில் ஒரு தேர்வுக்குப் பெரும்பாலும் மூன்று வாய்ப்புத்தான், சில இடங்களில் இரண்டே. மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள், அதே பாடத்தை நாட்டில் வேறு எங்கேயும் தொடர்வதும் கஷ்டம். பெயர் போனால் விசாவுக்கும் அடிப்படை போகும்.

எனக்கு கன்ட்ரோல் இன்ஜினியரிங் இரண்டு தடவை போனது. தப்பு என் மேல்தான். இங்கே பழைய கேள்வித்தாளை ஐந்து வருடத்துக்கு எடுத்துப் போட்டுப் படித்துப் பழகியவள், அங்கே கேள்வி திரும்பி வரவே இல்லை. மூன்றாவது தடவைக்கு நாலு மாதம் இருந்தது. கண் முன்னே ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது, காட்டுப் பத்திரம். 3.7 வாங்கி பாஸ். விடுதிக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டு "நல்லா எழுதினேன்" என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்கு இந்த மூன்று வாய்ப்புக் கதை இன்றைக்கு வரை தெரியாது, இதைப் படித்தால்தான் தெரியும்.

பகுதி நேர வேலை பார்த்தே சமாளித்துவிடலாமாமே?

ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் என்றால் நாலு வாரத்துக்கு 1,112 யூரோ, காகிதத்தில் சாப்பாடும் வாடகையும் தேறிவிடும். வேலை கிடைத்தால்தானே? சின்ன ஊரில் ஜெர்மன் பேசத் தெரியாமல் கடையில்கூட எடுக்க மாட்டார்கள். எனக்கு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை எட்டாவது மாதத்தில்தான் கிடைத்தது, காலை நாலு மணி ஷிஃப்ட், வெளியே மைனஸ் பன்னிரண்டு. அந்த செமஸ்டரில்தான் கன்ட்ரோல் இன்ஜினியரிங் முதல் தடவை போனது. முதல் வருடச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நீட்டில் மார்க் குறைவு. எம்பிபிஎஸ்ஸுக்கு ஜார்ஜியா, ரஷ்யா அனுப்பலாமா?

நீட்டில் தகுதி மதிப்பெண்ணாவது வேண்டும், அது இல்லாமல் போய்ப் படித்தால் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. 2021 நவம்பரில் வந்த விதிப்படி படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது, ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், 12 மாதப் பயிற்சியை அதே கல்லூரியில் முடிக்க வேண்டும், திரும்பி வந்து இங்கே இன்னொரு 12 மாதம், எல்லாம் பத்து வருடத்துக்குள். நடுவில் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வு, 300க்கு 150 எடுத்தால் பாஸ். சுலபமாகத்தான் தெரியும், ஆனால் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை.

ஆங்கிலத்தில் நடக்கிறது என்று சேர்ந்தாலும் நோயாளி பேசுவது அந்த ஊர் மொழி. மூன்றாம் வருடம் வார்டுக்குள் போகும்போது வயிறு வலிக்கிறது என்று ஒரு பாட்டி சொல்வது புரியவில்லையென்றால் என்ன கற்றுக்கொள்வது? 2022இல் போர் வெடித்து உக்ரைனிலிருந்து நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பாதிப் படிப்போடு திரும்பி வந்ததையும் பார்த்தோம். மார்க் கொஞ்சமே குறைகிறது என்றால் நான் இன்னொரு வருடம் நீட் எழுதச் சொல்வேன். ரொம்பக் குறைகிறது என்றால் வெளிநாடு போனாலும் அந்த 150 வந்து நிற்கும்.

கன்சல்டன்சி இலவசமாகச் செய்து தருகிறார்களே?

அவர்களுக்குப் பணம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. நீங்கள் சேரும் பல்கலைக்கழகம் கட்டணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுக்கும். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருவதில்லை, அதனால் அந்தப் பெயர்களே அவர்கள் வாயில் வராது. எனக்கு ஒரு அலுவலகத்தில் நாலு கல்லூரி எழுதிக் கொடுத்தார்கள், நாலும் தனியார். அரசுப் பல்கலைக்கழகம் பற்றிக் கேட்டதற்கு "உங்க புரொஃபைலுக்குக் கிடைக்காதுங்க மேடம்" என்றார் ஒருவர். பிறகு நானே இரண்டு வாரம் உட்கார்ந்து ஏழு இடத்துக்கு விண்ணப்பித்தேன், மூன்றில் கிடைத்தது.

இன்னொன்று, வங்கிக் கணக்கில் காட்ட "ஷோ மணி" ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்கிற இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். பிரிட்டனில் ஏமாற்றியது தெரிந்தால் பத்து வருடம் உள்ளே விட மாட்டார்கள்.

பிரிட்டனில் ஒரே வருடத்தில் முதுகலை முடிகிறதே, மிச்சம்தானே?

வாடகையில் மிச்சம், ஃபீஸில் இல்லை. படித்த பின் வேலை தேட இப்போது இரண்டு வருடம் தருகிறார்கள், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிற முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம். 2024 ஜனவரியிலிருந்து சாதாரண முதுகலைக்குக் கணவன், மனைவியைக் கூட்டிப் போகவும் முடியாது. அந்த ஒரு வருடப் பட்டம் இங்கே செல்லுமா என்று முன்பு இழுபறி இருந்தது, 2022 ஜூலையில் இரு நாடும் ஒப்பந்தம் போட்ட பிறகு சரியாயிற்று. திரும்பி வந்து அரசு வேலை, பேராசிரியர் வேலை என்று யோசிப்பவர்கள் எந்த நாடானாலும் நம் ஊர்ப் பட்டத்துக்குச் சமம் என்கிற இணைச் சான்றிதழ் கிடைக்குமா என்று சேர்வதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

உதவித்தொகை ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு முதுகலை, முனைவர் படிப்புக்கு வருடத்துக்கு 36 லட்சம் வரை கிடைக்கும், வருமான வரம்பு உண்டு. மத்திய அரசில் தனித் திட்டம் இருக்கிறது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் நிலத்தை விற்றுப் போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். தாசில்தார் அலுவலகத்துக்கு இரண்டு நடை நடக்கச் சோம்பல்.

பொம்பளப் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

இதைப் பையன் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கெம்னிட்ஸில் ராத்திரி பதினோரு மணிக்கு நூலகத்திலிருந்து நடந்து வந்திருக்கிறேன். வழியில் கார்ல் மார்க்ஸின் தலை மட்டும் ஏழு மீட்டர் உயரத்தில் வெண்கலத்தில் நிற்கும், 1990 வரை ஊருக்கே அவர் பெயர்தான். பனிக்காலத்தில் அவர் தலையிலும் தாடியிலும் பனி படிந்திருக்கும், பார்த்துவிட்டுப் போவேன். முறைத்துப் பார்த்தவர்கள், டிராமில் தள்ளி உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். டிசம்பரில் நாலு மணிக்கு இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை இருக்காது, பேச ஆள் இருக்காது. அது பையனையும்தான் வாட்டும், சொல்லப்போனால் சமைக்கத் தெரியாத பையனை இன்னும் கூடுதலாக.

கடைசியாக, சாமான் என்ன கட்டுவது?

அரிசி, பருப்பு வேண்டாம், அங்கே ஆசியக் கடையில் கிடைக்கும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, அடி தட்டையாக இருக்கட்டும், நான் இருந்த விடுதியில் மின்சார அடுப்புத்தான். கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் இரண்டிரண்டு கூடுதலாக, அங்கே அதற்குத் திண்டாடிவிட்டேன். அசல் சான்றிதழ்கள், டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் கைப்பையில், பெட்டியில் போடக் கூடாது. குக்கருக்குள் மிளகாய்த்தூள் பாக்கெட்டை வைத்துக் கட்டினால் இடம் மிச்சமாகும், ஆனால் விமான நிலையத்தில் நிச்சயம் திறக்கச் சொல்வார்கள், திரும்பக் கட்டக் கையில் செல்லோடேப் வைத்துக்கொள்ளுங்கள்.